அழுத்து, விடாதே!

“ரத்தத்தைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வந்துவிடும் சார்.” கல்லூரிக் கூட்டங்களில் இதைச் சொல்கிற பிள்ளைகளின் முகத்தைக் கவனித்திருக்கிறேன். வெட்கம் தெரியாது. கொஞ்சம் பெருமைகூடத் தெரியும், என் மனசு எவ்வளவு மெல்லியது பாருங்கள் என்பது போல. தம்பி, தங்கச்சி, ஒளிக்காமல் சொல்கிறேன். ரோட்டில் தொடை கிழிந்து கிடப்பவனுக்கு உன் மெல்லிய மனசால் ஒரு பைசா பிரயோசனம் கிடையாது. அவனுக்கு வேண்டியது உன் இரண்டு உள்ளங்கைகள். எங்கே வைப்பது, எவ்வளவு பலமாக அழுத்துவது, எப்போது எடுக்கக் கூடாது என்று தெரிந்த கைகள். அதைக் கற்றுக்கொள்ள ஒரு மத்தியானம் போதும்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையை எடுத்துக்கொள். பால்பண்ணை தொடங்கி துவாக்குடி வரை பதினாலரை கிலோமீட்டர். அங்கே சர்வீஸ் ரோடு கேட்டு அரியமங்கலத்துக்காரர்களும் காட்டூர்க்காரர்களும் திருவெறும்பூர்க்காரர்களும் ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்து, மறியல் செய்து, நீதிமன்றம் ஏறி இறங்கி அலுத்துப்போனார்கள். காலை எட்டரை மணிக்கு அங்கே போய் நின்று பார். பெல் கம்பெனிக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பேருந்துகள், இரும்புத் தகடு ஏற்றிய லாரிகள், பால்காரர், ஒரே வண்டியில் மூன்று மாணவர்கள். இத்தனை பேருக்கும் இருப்பது ஒரே ரோடு. அந்த ரோட்டோரத்தில்தான் 1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி இன்றைக்கு என்.ஐ.டி.யாக நிற்கிற வளாகம் இருக்கிறது. தேசமெங்கும் இருந்து பொறுக்கியெடுத்த மூளைகள் அங்கே படிக்கின்றன. வாசலுக்கு வெளியே ஒருவன் ரத்தம் கொட்டிக் கிடந்தால் அந்த மூளைகளில் எத்தனைக்கு என்ன செய்வதென்று தெரியும்?

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாளொன்றுக்கு நாற்பத்தொன்பது பேர் என்று வைத்துக்கொள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடமும் நமக்குத்தான்: 64,105. எல்லோரும் ரத்தம் போய்த்தான் செத்தார்கள் என்று சொல்லவில்லை. தலையில் அடிபட்டவனை உன்னாலும் என்னாலும் அந்த இடத்தில் காப்பாற்ற முடியாமல் போகலாம். ஆனால் கையும் காலும் கிழிந்து ரத்தம் போகிறதே, அதை நிறுத்த அறுவைக் கூடம் வேண்டாம். கத்தி வேண்டாம். பட்டம் வேண்டாம். அப்படிப்பட்டவன் நம் கண்ணெதிரே செத்தால் அது விதியும் இல்லை, தலையெழுத்தும் இல்லை.

வளர்ந்த மனிதனின் உடம்பில் ஓடுவது ஏறத்தாழ ஐந்து லிட்டர். அதில் இரண்டு லிட்டர் போனால் உயிர் ஊசலாடும். தொடைத் தமனி அறுந்தால் அந்த இரண்டு லிட்டர் போக ஒரு சில நிமிடங்கள் போதும். நம் மாநிலத்தில் 108 வண்டி 2008 செப்டம்பர் 15 முதல் ஓடுகிறது. எத்தனையோ தாலியைக் காப்பாற்றிய வண்டி அது, கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனாலும் அது ரோட்டில்தான் வர வேண்டும். நீ போன் பண்ணிய நொடிக்கும் சைரன் கேட்கிற நொடிக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறதே, அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? வட்டம் கட்டி நிற்கிறோம். ஒருவர் சோடா வாங்க ஓடுகிறார். ஒருவர் வீடியோ எடுக்கிறார். “பாவம், யார் பெத்த புள்ளையோ” என்று ஒரு அம்மா அழுகிறார். வட்டத்தின் நடுவே கிடப்பவனைத் தொட மட்டும் ஆள் இல்லை.

கண்ணாடி முன்னால் நின்று “என்னால் முடியும்” என்று நூறு தடவை சொல் என்பார்கள் என்னைப் போல மேடை ஏறுகிறவர்கள். சொல்லிப் பார், தப்பில்லை. ஆனால் அந்த வட்டத்துக்குள் கால் எடுத்து வைக்கிற நேரத்தில் நூறு தடவை சொன்ன வாய் உலர்ந்துபோகும். ஒரே ஒரு தடவை செய்து பார்த்த கை மட்டும் தானாக முன்னே போகும். தைரியம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்கிறாயே, அது வராது. செய்யத் தெரிந்தவனிடம்தான் தைரியம் வந்து ஒட்டிக்கொள்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறாயா? ரத்தம் பீய்ச்சி அடிக்கிறதா, தரையில் குளம் கட்டுகிறதா, சட்டையோ பேண்ட்டோ நனைந்து சொட்டுகிறதா என்று முதலில் பார். ஆம் என்றால் இது சிராய்ப்பு இல்லை, உயிர்ப் பிரச்சினை. ஒருவரைப் பெயர் சொல்லியோ விரல் நீட்டியோ கூப்பிட்டு 108-ஐ அழைக்கச் சொல். “யாராவது போன் பண்ணுங்க” என்றால் யாரும் பண்ண மாட்டார்கள். காயத்தை மூடியிருக்கிற உடையைக் கிழி, காயம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கைக்குட்டை, துண்டு, துப்பட்டா, வேட்டி, எது கிடைக்கிறதோ அதை மடித்துக் காயத்தின் மேல் வை. ஒரு கை மேல் இன்னொரு கை. முழங்கை மடங்காமல் உன் உடம்பு எடை முழுவதும் இறங்கும்படி அழுத்து. அவன் கத்துவான். கத்தட்டும். கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது என்று அர்த்தம். நின்றுவிட்டதா என்று துணியைத் தூக்கித் தூக்கி எட்டிப் பார்க்காதே. பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் உறையத் தொடங்கிய ரத்தத்தைப் பிய்த்து எடுக்கிறாய். துணி நனைந்தால் மேலே இன்னொரு துணி, இன்னும் பலமாக.

இடுப்போடு தொடை சேரும் மடிப்பு, அக்குள், தோள் போன்ற இடங்களில் ஆழமான ஓட்டை என்றால் மேலே துணி வைத்துப் பயனில்லை. துணியை விரலால் ஓட்டைக்குள்ளேயே திணி. இடமில்லாமல் போகும்வரை திணித்துவிட்டு அழுத்து. நெஞ்சிலும் வயிற்றிலும் இதைச் செய்யாதே, அவை உள்ளே திணித்து நிறுத்துகிற இடங்கள் அல்ல. கண்ணாடியோ கம்பியோ குத்தி நின்றால் பிடுங்காதே. அதைச் சுற்றி அழுத்து.

கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்கவில்லை என்றால் டூர்னிக்கெட், ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டுகிற கட்டு. பட்டையும் திருகுகோலும் சேர்த்தே தயாராகக் கிடைக்கிறது. கல்லூரி வாங்கி வைக்க வேண்டும். காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, உடம்புப் பக்கமாகக் கட்ட வேண்டும். முழங்கால் மூட்டிலேயோ முழங்கை மூட்டிலேயோ கட்டக் கூடாது. ரத்தம் நிற்கிறவரை திருகு, கட்டிய நேரத்தைக் குறித்து வை, மருத்துவர் வரும்வரை தளர்த்தாதே. தயார்ப் பட்டை இல்லாதபோது துப்பட்டாவை இரண்டங்குல அகலத்துக்கு மடித்துக் கட்டி, பைக் சீட்டுக்கு அடியில் கிடக்கிற ஸ்பேனரைச் செருகித் திருகலாம். பேனா உடைந்துவிடும். மெல்லிய கயிறும் ஒயரும் சதையை அறுக்கும். துணிக் கட்டு பல நேரம் தோற்றுப்போகும் என்பதால்தான் முதலில் அழுத்தம், அழுத்தம், அழுத்தம் என்கிறேன்.

நம் ஊர்ப் பழக்கங்கள் சிலவற்றையும் இங்கேயே புதைத்துவிடுவோம். காப்பித்தூள் வேண்டாம். மஞ்சள்தூள், சுண்ணாம்பு வேண்டாம். அடுக்களையில் விரல் நறுக்கிக்கொண்டதற்கு அது ஓடலாம், தமனி அறுந்த காயத்தில் அதைக் கொட்டினால் டாக்டருக்கு வேலை இரட்டிப்பு. சோடாவும் தண்ணீரும் வேண்டாம், அவன் அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டியவன். இன்னொன்று, டூர்னிக்கெட் கட்டக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் பாம்பு கடித்தவன் காலில் போய் இறுக்கிக் கட்டிவிடாதே. அங்கே இறுக்கிக் கட்டுவதுதான் ஆபத்து. நம் கிராமங்களில் கயிறு கட்டியே காலை இழந்தவர்கள் உண்டு.

முடிந்தது. இவ்வளவுதான் பாடம். செமஸ்டருக்கு ஐந்து யூனிட் மனப்பாடம் செய்கிறவனுக்கு இது ஒரு யூனிட்கூட இல்லை.

“இதெல்லாம் மருத்துவ மாணவர் வேலை, நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்று கேட்பவர்களுக்கு ஒரு வளாகத்தின் கதை சொல்கிறேன். அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம். 2007 ஏப்ரல் 16. நாரிஸ் ஹால் என்ற கட்டடத்தில் நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் நம்மவர், கோபிசெட்டிபாளையத்தை அடுத்த கரட்டடிப்பாளையத்தில் பிறந்து, கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியில் படித்து உயர்ந்த பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். துப்பாக்கியோடு நுழைந்த ஒருவனால் அன்றைக்கு அவரையும் சேர்த்து 32 பேர் கொல்லப்பட்டார்கள். அதே கட்டடத்தில் இன்னொரு வகுப்பறையில் ஒரு மாணவனின் தொடையில் குண்டு பாய்ந்தது. அவன் சாரணர் இயக்கத்தில் பயின்றவன். கைக்கு எட்டிய மின்ஒயரை எடுத்துத் தன் தொடையைத் தானே இறுக்கிக் கட்டிக்கொண்டான் என்று அன்றைய செய்திகள் சொல்லின. ஒயர் சரியான பொருள் இல்லை என்று இப்போதுதான் சொன்னேன். ஆனால் அவன் பார்த்துக்கொண்டு படுத்திருக்கவில்லையே! பிழைத்தான்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. அந்தப் பல்கலைக்கழகத்தில் 1969 முதல் ஒரு மீட்புப் படை இருக்கிறது. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்கள், அடிபட்டவரைத் தூக்குகிறவர்கள், எல்லோரும் மாணவர்கள். பொறியியல் படிக்கிறவன், வரலாறு படிக்கிறவள். அன்றைய காலையில் முதலில் ஓடியவர்களில் அவர்களும் உண்டு. அதே 1969-இல் நம் நாட்டில் என்ன தொடங்கியது தெரியுமா? காந்தி நூற்றாண்டில், செப்டம்பர் 24-ஆம் தேதி, நாட்டு நலப்பணித் திட்டம். என்.எஸ்.எஸ். உனக்கும் அவர்களுக்கும் ஒரே வயசு. அவர்கள் ஸ்ட்ரெச்சரைப் பிடித்தார்கள். நாம் ஏழு நாள் முகாமில் கோயில் வாசலைப் பெருக்கிவிட்டு குரூப் போட்டோ எடுத்துக்கொண்டோம். பெருக்குவதைக் குறை சொல்லவில்லை. அதோடு நின்றுவிட்டோமே என்றுதான் வயிறு எரிகிறது.

2012 டிசம்பரில் அதே அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு பள்ளியில் இருபது குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, ஹார்ட்ஃபோர்டில் இருந்த அறுவை மருத்துவர் லென்வொர்த் ஜேக்கப்ஸ் மற்ற மருத்துவர்களையும் காவல்துறையினரையும் கூட்டிப் பேசினார். போர்க்களத்தில் சிப்பாய்க்குத் தெரிந்தது தெருவில் இருப்பவனுக்கும் தெரிய வேண்டும் என்று முடிவானது. 2015-இல் ‘ரத்தப்போக்கை நிறுத்து’ என்ற பெயரில் அது நாடு தழுவிய பயிற்சியாயிற்று. லட்சக்கணக்கானவர்கள் கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்குத் துப்பாக்கி. நமக்கு ரோடு, கிரைண்டர் வீல், காளைக் கொம்பு. ரத்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

காளைக் கொம்பு என்று சும்மா சொல்லவில்லை. மாட்டுப் பொங்கல் வந்தால் திருவெறும்பூருக்குப் பக்கத்தில் பெரிய சூரியூரில் ஜல்லிக்கட்டு. பார்க்கப் போகிற கூட்டத்தில் பாதி கல்லூரிப் பையன்கள். கொம்பு தேடிப் போகிற இடம் தொடையும் இடுப்பும். கிரைண்டர் வீலும் சும்மா சொல்லவில்லை. துவாக்குடியிலும் அரியமங்கலத்திலும் எத்தனை பட்டறைகள், நீ முதலாம் ஆண்டில் படிக்கிற ஒர்க்‌ஷாப்பில் எத்தனை எந்திரங்கள்! உன் அப்பாவோ மாமாவோ பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலோ பெல்லிலோ வேலை பார்த்திருந்தால் கேட்டுப் பார். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது: 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி குறையாமல் இருக்க வேண்டும், அதற்கு முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். ஆலையில் நூற்றைம்பது பேருக்கு ஒன்று. உன் கல்லூரியில் எத்தனை ஆயிரம் பேர்? பெட்டி எங்கே தொங்குகிறது? சாவி யாரிடம்? திறந்தால் உள்ளே என்ன, காய்ந்துபோன டிங்க்சரும் ஒட்டாத பிளாஸ்திரியுமா? இதைப் படித்து முடித்ததும் போய்ப் பார்த்துவிட்டு வா.

ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் ஊர் தீவு. புத்தூரில் இருக்கிற மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் பெரிய அவசரப் பிரிவுக்குப் போக வேண்டுமென்றால் காவிரியைத் தாண்டியே ஆக வேண்டும். 2022 செப்டம்பரிலிருந்து 2023 மார்ச் வரை காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடினார்களே, அப்போது சத்திரம் பேருந்து நிலையம் போக எத்தனை சுற்று சுற்றினீர்கள் என்று மறந்திருக்காது. வைகுண்ட ஏகாதசியில் பரமபத வாசல் திறக்கிற நாளில் லட்சக்கணக்கில் கூட்டம். சித்திரைத் தேர் வீதியில் வருகிறபோது ஒரு சைக்கிள்கூட நுழைய முடியாது. ஆம்புலன்ஸ் எப்படி நுழையும்? கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிற, ரத்தம் நிறுத்தத் தெரிந்த நூறு மாணவர்கள்தான் அந்த வீதிகளில் ஆம்புலன்ஸ். அன்னதானத்துக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் தொண்டர் படை இருக்கிற ஊர் இது. ரத்தம் நிறுத்தவும் ஒரு படை சித்திரை வீதியின் நாலு முனையில் நிற்கட்டும். ரங்கநாதர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

போலீஸ், கோர்ட், சாட்சி என்று பயம் காட்டுவார்கள். உன் அப்பா காலத்துப் பயம் அது, நியாயமான பயமும்கூட. 2016 மார்ச் 30-இல் உச்ச நீதிமன்றம், உதவி செய்தவரை வதைக்கக் கூடாது என்ற வழிகாட்டு நெறிகளுக்குச் சட்டத்தின் பலத்தைக் கொடுத்தது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவே சேர்ந்துவிட்டது. நல்லெண்ணத்தோடு உதவுகிறவர் மேல் சிவில் வழக்கும் இல்லை, கிரிமினல் வழக்கும் இல்லை. பெயரும் முகவரியும் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆஸ்பத்திரியில் பணம் கட்டு என்று உன்னை மடக்குவார்களோ என்ற அச்சத்துக்கும் பதில் உண்டு. 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் நாற்பத்தெட்டு மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது. சாக்குகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்துவிட்டன, கவனித்தாயா?

சட்டத்தில் இல்லாத சாக்கு ஒன்று மிச்சம் இருக்கிறது. அதுதான் பெரிய சாக்கு. “பொம்பளப் புள்ள, தெரியாத ஆம்பள தொடையில கை வைக்கிறதா?” தங்கச்சி, இந்தக் கேள்வியை உன்னிடம் கேட்பவர் உன் பாட்டியாகவே இருக்கலாம். அதட்டாமல் பதில் சொல். பாட்டி, நர்ஸ் அக்கா எந்த ஆம்பளையைத் தொடவில்லை? அதே போல, கீழே கிடப்பவள் பெண் என்றால் சுற்றி நிற்கிற பையன்கள் பத்தடி பின்வாங்குகிறார்கள். கேட்டுவிட்டுத் தொடு: “அக்கா, ரத்தத்தை நிறுத்துறேன், கை வைக்கிறேன்.” அவ்வளவே. சாதி கேட்டுத் தொடுகிறவர்களும் நம் ஊரில் இருந்திருக்கிறார்கள். ரத்தத்தில் கை நனைந்த பிறகு எந்தச் சாதியின் ரத்தம் என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. நோய் தொற்றும் என்ற பயம் மட்டும் நியாயமானது. கையுறை போடு. இல்லையென்றால் காய்கறி வாங்கிய பாலிதீன் பையைக் கைக்கு மாட்டு. பிறகு சோப்புப் போட்டுக் கழுவு.

இத்தனைக்கும் நாம் கஞ்சர்கள் இல்லை. திருச்சிக் கல்லூரிகளில் ரத்ததான முகாம் என்றால் வரிசையில் நிற்கிறார்கள். 350 மில்லி கொடுத்துவிட்டு, பழச்சாறும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு, சான்றிதழை ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். நல்லது, கொடு. ஆனால் நீ கொடுத்த அந்த ஒரு பை, ரோட்டில் கிடப்பவன் உடம்பிலிருந்து நிமிடக் கணக்கில் மண்ணுக்குப் போகிறதே! ஊற்றக் கற்றுக்கொண்டோம், ஓட்டையை அடைக்கக் கற்றுக்கொள்ளவில்லை. ரத்ததான முகாம் நடத்தத் தெரிந்த கல்லூரிக்கு இதை நடத்தவும் தெரியும். அதே ஹால், அதே என்.எஸ்.எஸ். அதிகாரி, அதே இளையோர் செஞ்சிலுவைச் சங்கம்.

யார் கற்றுக்கொடுப்பது? ஊரிலேயே கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே எலும்பு முறிவுப் பிரிவு இருக்கிறது, அவசரப் பிரிவு இருக்கிறது. உன் கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுதிக்கொண்டு நேரில் போ. மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லை என்று உட்காராதே. 108-இல் வேலை பார்க்கிற அவசர மருத்துவ உதவியாளரைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார், ரோட்டில் நடப்பது அவருக்குத்தான் தெரியும். கருவிக்குக் காசு இல்லையா? மெத்தைக் கடையில் நுரைப் பஞ்சுத் துண்டு வாங்கு, தொடை அளவுக்குச் சுருட்டு, ஒரு ஓட்டை போடு, சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை டியூபில் உள்ளே விடு. கறிக்கடையில் ஆட்டுத்தொடை வாங்கினால் இன்னும் நல்லது, சதைக்குள் துணி திணிக்கிற உணர்வு அதில்தான் வரும். சைவப் பிள்ளைகளுக்குப் பஞ்சு இருக்கிறது.

படுத்துக்கொண்டு கேட்கிற வகுப்பாக இதை ஆக்கிவிடாதே. பவர்பாயிண்ட் பத்து நிமிடம், மிச்சமெல்லாம் முழங்கால் போட்டு. பாதியில் விளக்கை அணை. ஒருவனை அலறச் சொல். சுற்றிலும் நாலு பேரை “தள்ளுங்க, தள்ளுங்க” என்று கூச்சல் போடச் சொல். அந்த இரைச்சலில் கை நடுங்காமல் அழுத்துகிறதா என்று பார். பீகாரிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்து படிக்கிறவர்களை “திருவெறும்பூர்”, “துவாக்குடி”, “பால்பண்ணை” என்று தெளிவாகச் சொல்லப் பழக்கு. 108-இல் இடம் சொல்லத் திணறினால் வண்டி வேறு எங்கோ போய் நிற்கும். விடுதிக் காவலாளி, கேன்டீன் மாஸ்டர், பேருந்து ஓட்டுநர், துப்புரவு அக்கா எல்லோரையும் கூப்பிடு. மாணவன் நாலு வருஷத்தில் போய்விடுவான், இவர்கள் முப்பது வருஷம் இருப்பார்கள். டூர்னிக்கெட்டும் கட்டுத்துணியும் கையுறையும் கத்தரிக்கோலும் போட்ட பையை ஒவ்வொரு விடுதி வாசலிலும், ஒர்க்‌ஷாப்பிலும், மைதானத்திலும், கல்லூரிப் பேருந்திலும் மாட்டு. பூட்டு மட்டும் போடாதே. திருடு போகும் என்பார்கள். போகட்டும், இன்னொன்று வாங்கு.

அனுமதி கிடைக்காமல் இழுக்கும். “அடுத்த செமஸ்டர் பார்க்கலாம்பா” என்பார் ஒருவர். “ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?” என்பார் இன்னொருவர். அவரிடம் கோபப்படாதே, திருப்பி அதே கேள்வியைக் கேள்: கற்றுக்கொடுக்காமல் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு சார்? அவர் பதில் யோசிக்கிற நேரத்தில் கடிதத்தை நீட்டு. அப்படியும் நடக்கவில்லையா? மாடிப்படியில் நடத்து. மரத்தடியில் நடத்து. திருச்சியில் மரத்தடிக்கு என்ன குறைச்சல்?

முதல் வகுப்புக்கு முந்நூறு பேர் வர வேண்டும் என்று பேனர் அடிக்காதே. பன்னிரண்டு பேர் வந்தால் ஆறு ஜோடி. ஒருவர் படுக்க வேண்டும், ஒருவர் அழுத்த வேண்டும், பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேரும் அடுத்த வாரம் ஆளுக்கு இரண்டு பேரைக் கூட்டி வரட்டும். வருகிறவர்கள் துப்பட்டாவோ துண்டோ கையில் கொண்டுவரச் சொல், கறை படிந்தாலும் பரவாயில்லாததாக.